மண் ஒயிலைத் தின்னுமா?

நம்பிக்கை: “கழிவொயிலை மண்ணில் ஊற்றினால் போதும், மண்ணே தின்றுவிடும்.”

பாதி உண்மை. ஆபத்தும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. மண்ணில் சூடோமோனாஸ் புட்டிடா என்றொரு பக்டீரியா வாழ்கிறது. பெற்றோலில் உள்ள தொலுயீன் போன்றவற்றை அதன் சில வகைகள் உணவாகவே கொள்ளும். இந்த இரசாயனங்களில் ஆறு காபன் அணுக்கள் இணைந்த வளையம் ஒன்று உண்டு, லேசில் உடையாது. பக்டீரியாவின் நொதியம் முதலில் அதில் ஒட்சிசனைச் செருகும். இன்னொரு நொதியம் வளையத்தை வெட்டித் திறக்கும். பிறகு அது சாதாரண இரைதான். பெரும்பகுதி காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் முடியும்.

இதற்கு ஒட்சிசன் வேண்டும், நைதரசன் வேண்டும், பொசுபரசு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அவகாசம் வேண்டும். நமுனுகுலச் சரிவில் வடகீழ்ப் பருவமழை அந்த அவகாசத்தை எங்கே தருகிறது? லயத்து வாசலில் ஊற்றிய ஒயில் கானில் இறங்கி ஓடையில் சேர்ந்துவிடும். கீழ் டிவிஷனில் பீலிக்குக் குடம் கொண்டு போகிறவர் நீர்மேல் நிறம் நிறமாய் மினுங்கும் படலத்தைப் பார்ப்பார். கழிவொயிலில் கலந்திருக்கும் உலோகத்தையோ எந்தப் பக்டீரியாவும் தின்று தீர்க்காது.

நம்பிக்கை: “எண்ணெய் தின்னும் பக்டீரியா அமெரிக்க ஆய்வுகூடத்தில் பிறந்தது. வாங்கித் தூவினால் வேலை முடிந்தது.”

வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரபர்த்தி, ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியில் இருந்தபோது, பல சூடோமோனாஸ்களுக்கு இயற்கையாகவே இருந்த திறன்களை ஒன்றில் சேர்த்தார், அவ்வளவுதான். அதற்கு ஆக்கவுரிமை கொடுக்கலாமென்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1980இல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தப் பக்டீரியா புகழ் பெற்றது நீதிமன்றத்தில்தான். கடலில் கசிந்த எண்ணெயின்மேல் அதை யாரும் விடவில்லை. 1989இல் அலாஸ்காவில் எக்ஸோன் வால்டிஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது கரையில் உரத்தைத்தான் போட்டார்கள். அங்கேயே இருந்த பக்டீரியாக்கள் பெருகி வேலை செய்தன.

நம்பிக்கை: “புல்லு மருந்தும் அப்படியே கரைந்து போகும்.”

தேயிலை மலைகளில் அடிக்கப்படும் டையூரோன் என்ற புல்லு மருந்தில் இருப்பது குளோரீன் ஒட்டிய வளையம். மண்ணில் மாதக்கணக்கில் நிற்கக்கூடியது. அரைகுறையாய்ச் சிதையும்போது வரும் டைகுளோரோஅனிலின், மருந்தைவிட நச்சானது. ‘சிதைந்தது’ என்று சொன்னால், எதுவாகச் சிதைந்தது என்று கேளுங்கள்.

நிலத்தடி நீர்வரை போனால் கதை இன்னும் மோசம். அங்கே ஒட்சிசன் அரிது. யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் இலங்கை உயர் நீதிமன்றம்வரை போய், 2019இல்தான் தீர்ப்பு வந்தது.

மருந்தடிக்கும் டாங்கியைப் பீலியடியில் கழுவாதீர்கள். கழுவுவதற்கு நீர்நிலைகளிலிருந்து தள்ளி ஓர் இடம் ஒதுக்கித் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை, கேட்டு வாங்குங்கள். கழிவொயிலை மூடிய கலனில் சேர்த்து, அதை வாங்கிக்கொள்ளும் கராஜில் கொடுங்கள்.