இருபது பவுண் பிளேன் ரிக்கெற்: காசு கட்ட முதல் ஒரு பாடம்



எங்கள் ஆலோசனை மேசைக்கு வருகிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ரீச்சர், கிளாஸ்கோவில் என்ர மாமா இருக்கிறார். ஈசிஜெட்டில் இருபது பவுணுக்கு ரிக்கெற் இருக்கு. நான் போகலாமோ?"

போகலாம். ஆனால் காசு கட்ட முதல் சில விசயங்களைச் சரி பார்க்க வேண்டும். நம்மில் பலர் இந்த நாட்டுக்கு வரும்போது பிளேன் ஏறித்தான் வந்தோம். ஆனால் அப்போது ரிக்கெற், பேப்பர், எந்த வாசல், யாருக்கு என்ன சொல்வது எல்லாவற்றையும் ஏஜென்சிக்காரன் பார்த்தான். இங்கே எல்லாம் நீங்களே பார்க்க வேண்டும். ஒளிக்கவும் ஒன்றும் இல்லை. உள்ளதைச் சொல்லி, உங்கள் சொந்தப் பெயரில் போவதுதான் இந்தப் பாடத்தின் முதல் விதி.

இந்த மலிவு விமானங்கள் எப்படி நடக்கின்றன என்று விளங்கினால் மற்றவை சுலபம். ஈசிஜெட் தன் முதல் விமானத்தை 1995 நவம்பரில் லூட்டனிலிருந்து கிளாஸ்கோவுக்குத்தான் விட்டது. ஒரு வழிக்கு 29 பவுண். அவர்கள் விற்பது ஒரு சீற் மட்டும். பெரிய பாக், விரும்பிய சீற், சாப்பாடு எல்லாவற்றுக்கும் தனிக் காசு. விதியை மீறினால் அதற்கும் காசு. ஆகவே விதி தெரிந்தவருக்குத்தான் இது மலிவு.

1. போக உங்களுக்கு அனுமதி உண்டா?

இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வடஅயர்லாந்து நான்கும் ஒரே நாடு. பெல்ஃபாஸ்ற் வடஅயர்லாந்தில் இருக்கிறது. ஆனால் டப்ளின் அயர்லாந்துக் குடியரசில் இருக்கிறது. அது வேறு நாடு.

உங்கள் அசைலம் கேஸ் முடியாமல் இருக்கும்போது அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால், கேஸை நீங்களே கைவிட்டதாக ஹோம் ஒபிஸ் எடுக்கும். ஒரு நாள் சுற்றுலா என்றாலும் இதுதான். டப்ளின் ரிக்கெற் பெல்ஃபாஸ்ற்றை விட மலிவாக இருக்கலாம். "அதுவும் பக்கத்தில்தானே, அங்கே இருந்து பஸ்ஸில் போகலாம்" என்று நண்பர் சொல்லலாம். தயவு செய்து கேட்காதீர்கள். பெல்ஃபாஸ்ற்றுக்கும் டப்ளினுக்கும் இடையில் உள்ள றோட்டில் எல்லைக் காவல் நிலையம் ஒன்றும் கிடையாது. பஸ்ஸில் கண்ணயர்ந்தால் எல்லை தாண்டியதே தெரியாது. பெல்ஃபாஸ்ற் போகிறவர்கள் இதை நன்றாக நினைவில் வைத்திருங்கோ. பெல்ஃபாஸ்ற் எயார்போட்டில் இமிகிரேஷன் அதிகாரிகள் மறித்துக் கேள்வி கேட்பதும் உண்டு. கேட்டால் பயப்படாமல் ஏ.ஆர்.சி. கார்டைக் காட்டி, எங்கே, யாரிடம் போகிறீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள்.

அடுத்தது, உங்கள் பெயில் 201 கடிதத்தை எடுத்துப் பாருங்கள். சைன் வைக்கும் நாள் எப்போது? எந்த முகவரியில் தங்க வேண்டும் என்று இருக்கிறது? சைன் நாளில் பயணம் வைக்காதீர்கள். ஹோம் ஒபிஸ் தந்த வீட்டில் இருப்பவர்கள் அனுமதி இல்லாமல் தொடர்ந்து 7 நாளுக்கு மேல், அல்லது 6 மாதத்துக்குள் மொத்தம் 14 நாளுக்கு மேல் வெளியே தங்கினால் உதவி நிற்பாட்டப்படலாம். ஹொட்டேலில் இருப்பவர்கள் ஓரிரவு என்றாலும் அங்குள்ள பொறுப்பாளருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். இன்ரவியூக் கடிதம் வந்தால் உடனே அறிவிக்க ஒரு நம்பிக்கையான ஆளையும் ஒழுங்கு பண்ணுங்கள்.

2. அடையாளத்துக்கு என்ன காட்டுவீர்கள்?

உங்கள் பாஸ்போட்டை ஹோம் ஒபிஸ் வைத்திருக்கும். கையில் இருப்பது ஏ.ஆர்.சி. கார்ட் மட்டும். உள்நாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போட் சட்டப்படி தேவை இல்லை. ஆனால் படம் உள்ள அடையாள அட்டை ஒன்றை விமானக் கொம்பனி கேட்கும். எந்த அட்டையை ஏற்பது என்பதை ஒவ்வொரு கொம்பனியும் தானே தீர்மானிக்கிறது. ஒன்று ஏற்பதை மற்றது ஏற்காமல் விடலாம்.

ஆகவே ரிக்கெற் வாங்க முதல் கொம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலத்தில் இப்படி: "ஐ ஹாவ் ஆன் அப்ளிகேஷன் றெஜிஸ்றேஷன் கார்ட் ஃபுறம் த ஹோம் ஒபிஸ். டூ யூ அக்செப்ற் இற் ஃபோர் எ டொமெஸ்ரிக் ஃபிளைற்?" வந்த பதிலை ஃபோனில் படம் பிடித்து வைத்திருங்கள். பதில் "நோ" என்றால் ரிக்கெற் வாங்காதீர்கள். கோச்சில் போங்கள். லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு இரவுக் கோச் இருக்கிறது.

வேறொருவருடைய அட்டையிலோ, வேறொருவர் பெயரில் இருக்கிற ரிக்கெற்றிலோ போகவே வேண்டாம். பிடிபட்டால் குற்ற வழக்கு. அது உங்கள் அசைலம் கேஸையும் பாதிக்கும்.

3. பெயர்

நமக்குத் தலைவலி தருகிற இடம் இது. தகப்பன் பெயர் முன்னுக்கு, எங்கள் பெயர் பின்னுக்கு என்று எழுதுவோம். இங்கே ஃபோமில் ஃபெர்ஸ்ற் நேம், சேர்நேம் என்று இரண்டு கட்டம் இருக்கும். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை விடுங்கள். அட்டையில் எது எந்த இடத்தில் இருக்கிறதோ, அப்படியே எழுத்துக்கு எழுத்து பார்த்து அடியுங்கள். அட்டையில் ஒரே பெயர்தான் இருந்தால், வாங்க முதல் கொம்பனிக்கு ஃபோன் எடுத்துக் கேளுங்கள்.

ஆஸ்பென் கார்டால் ஒன்லைனில் வாங்க முடியாது. உறவினர் தன் வங்கிக் கார்டால் கட்டலாம், அதில் பிழை இல்லை. ஆனால் பயணி பெயர் என்ற இடத்தில் அவர் தன்னுடைய பெயரை அடித்துவிடாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

4. உண்மையான விலை

ஒரு கடதாசியில் கூட்டிப் பாருங்கள்: போகிற ரிக்கெற், வருகிற ரிக்கெற், பாக், எயார்போட்டுக்குப் போய்வர பஸ் அல்லது றெயின். லண்டன் லூட்டன், லண்டன் ஸ்ரான்ஸ்ரெட் என்று பெயர் இருந்தாலும் இரண்டும் லண்டனுக்கு வெளியே நாற்பது, ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். விடிய ஆறு மணிப் பிளேன் என்றால் அந்த நேரம் பஸ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை கோச்சை விடக் கூட என்றால் கோச்சே நல்லது.

கொம்பனியின் சொந்த இணையத்தளத்திலேயே வாங்குங்கள். சீற் தெரிவு, இன்சூரன்ஸ், கார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் "நோ தாங்ஸ்" அழுத்துங்கள். சீற்றைத் தெரியாவிட்டாலும் அவர்களே ஒன்று தருவார்கள்.

5. பாக்

காசு இல்லாமல் ஒரு சின்னப் பாக்தான் கொண்டு போகலாம். அது முன் சீற்றுக்குக் கீழே போக வேண்டும். ஈசிஜெட்டில் 45 × 36 × 20 சென்ரிமீற்றர், ரயன்எயாரில் 40 × 30 × 20. கைபிடி, சில்லு எல்லாம் சேர்த்துத்தான் இந்த அளவு. வீட்டிலேயே அளந்து பாருங்கள். கேற்றில் வைத்துப் பிடித்தால் ரிக்கெற்றை விடக் கூடக் காசு கட்ட வேண்டி வரலாம்.

2006 ஓகஸ்ற்றில் பிடிபட்ட வெடிகுண்டுச் சதிக்குப் பிறகுதான் திரவப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஒவ்வொரு போத்திலும் 100 மில்லிலீற்றருக்குள், எல்லாம் ஒரு லீற்றர் கண்ணாடிப் பையில். புது மெஷின் வந்த சில எயார்போட்டுகளில் இதைத் தளர்த்திவிட்டார்கள். ஆனால் திரும்பி வருகிற எயார்போட்டில் பழைய விதி இருக்கலாம். 100 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாமிக்கு என்று கட்டிய ஊறுகாய், குழம்பு, நெய், பதமான சம்பல் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ரொட்டி, வடை, முறுக்கு பிரச்சினை இல்லை. மருந்து என்றால் டொக்டரின் துண்டையும் சேர்த்துக் கொண்டு போங்கள். பவர் பாங்கைக் கைப் பையில் மட்டும் வையுங்கள்.

6. பயண நாள்

செக்-இன்னை முதலே ஃபோனில் செய்ய வேண்டும். ரயன்எயாரில் இதைச் செய்யாமல் எயார்போட்டுக்குப் போனால் 55 பவுண் கேட்பார்கள். 2025 நவம்பரிலிருந்து அவர்கள் கடதாசிப் போர்டிங் பாஸ் ஏற்பதில்லை, ஃபோனில் உள்ள அவர்களுடைய அப்பில்தான் காட்ட வேண்டும். ஃபோனை முழுதாகச் சார்ஜ் பண்ணிக் கொண்டு போங்கள்.

இரண்டு மணித்தியாலம் முதல் எயார்போட்டில் நில்லுங்கள். ஈசிஜெட் கேற் புறப்பட 30 நிமிடம் முதல் பூட்டப்படும், ரயன்எயார் 20 நிமிடம் முதல். பிளேன் கண்ணுக்கு முன்னால் நின்றாலும் பிறகு ஏற்ற மாட்டார்கள்.

கேட்விக் போன்ற சில இடங்களில் உள்நாட்டுப் பயணிகளை ஒரு கமெராவுக்கு முன்னால் நிற்பாட்டிப் படம் எடுப்பார்கள். பதற வேண்டாம். உள்ளே போன ஆள்தான் பிளேன் ஏறுகிறாரா என்று பார்ப்பதற்கு அது. எல்லாப் பயணிகளுக்கும் அப்படித்தான்.

7. பிளேன் பிந்தினால்

மலிவு ரிக்கெற் என்றாலும் உங்களுக்கு உரிமை உண்டு. கொம்பனி பறப்பை ரத்துச் செய்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது வேறு பிளேன் கேட்கலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் சாப்பாடு, குடிபானம் தர வேண்டும். கொம்பனியின் பிழையால் மூன்று மணித்தியாலம் பிந்திப் போய்ச் சேர்ந்தால் இந்தக் குறுந்தூரப் பயணத்துக்கு 220 பவுண் நட்டஈடு. அதைக் கேட்பதால் உங்கள் கேஸுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. அகதிகளும் மற்றவர்களைப் போலப் பயணிகள்தான்.

பயிற்சி

கீழே உள்ளவற்றுக்கு நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள்.

அ. நான் போகிற ஊர் இந்த நாட்டுக்குள்தானா?
ஆ. என் சைன் நாளும் பயண நாளும் முட்டுகிறதா?
இ. என் அட்டையை ஏற்பதாக எழுத்தில் பதில் வந்ததா?
ஈ. ரிக்கெற்றில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா?

நான்குக்கும் சரியான பதில் இருந்தால் காசைக் கட்டுங்கள். ஒன்றிலாவது சந்தேகம் இருந்தால், கட்ட முதல் கடிதங்களை எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கோ, அல்லது உங்கள் சொலிசிற்றரிடம் கேளுங்கோ. கேட்பதற்குக் காசு இல்லை.