சாலை எல்லோருக்கும் பொது!
(இணையச் சமநிலை – ஓர் அறிமுகம்)

மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு



ஒரு நாள் இரவு விடுதியில் வாக்குவாதம். "நாலு வெப்சைட்டை ஓசியில குடுக்குறேன்னு ஒரு கம்பெனி சொன்னா வாங்கிக்க வேண்டியதுதானே? அதை வேண்டாம்னு ஏன்டா சண்டை போட்டாங்க?" என்று அறை நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ரீசார்ஜுக்குக் காசில்லாத மாசக் கடைசியில் நம் எல்லோருக்கும் தோன்றுவதுதான். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

இணையச் சமநிலை என்றால் என்ன?

நெட்வொர்க்ஸ் பாடத்தில் படித்திருக்கிறோம். நாம் அனுப்பும் செய்தி சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு தலைப்பகுதி உண்டு. ஐ.பி. நான்காம் பதிப்பில் அது குறைந்தது 20 பைட்டுகள். அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி இரண்டும் அதில் இருக்கும். வழியிலுள்ள ரௌட்டர் பெறுநர் முகவரியைப் பார்த்து அடுத்த ரௌட்டருக்குத் தள்ளிவிடும். தபால்காரர் உறையின் மேல் உள்ள முகவரியைப் பார்க்கிறாரே தவிர, உள்ளே இருப்பது கல்யாணப் பத்திரிகையா கடன் நோட்டீஸா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அதுபோலத்தான் இதுவும்.

ஆனால் பாக்கெட்டுக்குள் இருப்பதையும் ஆராயும் கருவிகள் இன்று உண்டு. அதை வைத்து ஒரு கம்பெனி தனக்குப் பிடித்த தளத்தை வேகமாக விடலாம், பிடிக்காததை மெதுவாக்கலாம், அடியோடு தடுக்கலாம், தனிக் கட்டணமும் கேட்கலாம். இதையெல்லாம் செய்யக் கூடாது, எல்லாப் பாக்கெட்டும் சமம் என்பதே இணையச் சமநிலை. இந்தப் பெயரை 2003-ல் வழங்கியவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ. இதைச் சட்டமாக்கிய முதல் நாடு சிலி (2010).

நம் நாட்டில் நடந்தது

2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் கைவிட்டது. 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 20 கேள்விகளோடு ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. அவ்வளவுதான்! பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்க் குவிந்தன. அனுப்பியவர்களில் நம்மைப் போன்ற இளைஞர்கள் ஏராளம்.

அதே ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தைக் கொண்டுவந்தது. சில குறிப்பிட்ட தளங்கள் மட்டும் இலவசம். எந்தத் தளம் உள்ளே வரலாம் என்ற விதிமுறையை வகுப்பது ஃபேஸ்புக். 2016 பிப்ரவரி 8-ல் டிராய் தீர்ப்பு மாதிரி ஒரு விதியை வெளியிட்டது. உள்ளடக்கத்தைப் பார்த்து வேறு வேறு கட்டணம் வாங்கக் கூடாது; மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். அவசரகாலச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு. சில நாட்களிலேயே ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டு வெளியேறியது. தளங்களைத் தடுப்பதும் வேகத்தைக் குறைப்பதும் கூடாது என்ற டிராயின் பரிந்துரையை 2018-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது.

சரி, ஓசியில் கொடுத்தால் என்ன?

நண்பன் கேட்ட கேள்விக்குப் பதில் நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் புதுக்கோட்டைக் கிராமத்துப் பெண்கள், ஆயிரம் ஆயிரமாக. கேலி பேசியவர்கள் பேசட்டும் என்று ஓட்டினார்கள். பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆண்களுக்காகவும் காத்துக் கிடந்தவர்கள், தாங்கள் நினைத்த நேரத்தில் நினைத்த ஊருக்குப் போய் விளைபொருளை விற்றுவந்தார்கள். அவர்களை மாற்றியது வெறும் இரண்டு சக்கரம் இல்லை, எந்தப் பாதையிலும் போகலாம் என்ற உரிமைதான்.

அந்தச் சைக்கிளை ஒருவர் இலவசமாகக் கொடுத்து, "நான் சொல்ற நாலு கடைக்கு மட்டும்தான் போகணும்" என்றிருந்தால்? பிளஸ் டூ முடித்து இங்கே வந்த நம்மில் பலருக்கு அரசு இலவச சைக்கிள் கொடுத்தது. பள்ளிக்கூடம் தவிர வேறெங்கும் போகாதே என்று பூட்டா போட்டது? ஆக, இலவசம் தப்பில்லை. பாதையை அடைப்பதுதான் தப்பு. டிராயும் இலவசத்துக்கு எதிரியல்ல. கிராமத்து மக்களுக்கு மாதம் 100 எம்.பி. இலவசமாகத் தரலாம், எந்தத் தளத்துக்கும் அது பயன்பட வேண்டும் என்று 2016 டிசம்பரில் அதே டிராய்தான் பரிந்துரைத்தது.

நமக்கு என்ன?

நாளைக்கு நம்மில் ஒருவன் கீரமங்கலம் பூச்சந்தை விலையைச் சொல்லும் செயலி ஒன்றை புராஜெக்ட்டாகச் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். திறந்த இணையத்தில் அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். பெரிய கம்பெனியின் செயலி ஓசி, நம்முடையதற்குக் காசு என்றால் எந்தப் பூக்காரம்மா நம்மிடம் வருவார்? 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை உலகுக்கு இலவசமாகத் தந்தது. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. எந்த டெலிபோன் கம்பெனியின் வாசலிலும் அவர்கள் கைகட்டி நிற்கவில்லை.

வெற்றி கிடைத்துவிட்டதே என்று தூங்கிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 2015-ல் வந்த விதி 2017-ல் நீக்கப்பட்டு, 2024-ல் திரும்ப வந்து, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தது. இங்கேயும் பெரிய செயலிகள் தங்களுக்குப் பங்குப் பணம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்டுவருகின்றன. பெரியவனிடம் வாங்கத் தொடங்கும் சுங்கம் ஒருநாள் சின்னவனிடமும் வந்து நிற்கும்.

நண்பர்களே! நாளை ரௌட்டரைப் பூட்டுவதும் கேபிள் இழுப்பதும் நம் கைகள்தான். வேலை எந்தக் கம்பெனியில் கிடைத்தாலும் இதை மறக்க வேண்டாம். டிராய் அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது, புதுக்கோட்டையிலிருந்தும் கடிதங்கள் போகட்டும்!