டாங்கனிக்கா நிலக்கடலைத் திட்டம்

உலக யுத்தத்திற்குப்பின் நேர்ந்த எண்ணெய் முடையை நீக்கும் பொருட்டு, பிரிட்டிஷ் சர்க்கார் 1947-ல், இன்று தான்சானியாவின் பகுதியாகிய டாங்கனிக்காவில், 30 லட்சம் ஏக்கருக்கு மேல் காடு திருத்தி நிலக்கடலை பயிரிட முற்பட்டனர். 1946-ல் அங்குச் சென்ற நிபுணர் குழுவினர் சில வாரங்களே, அதிலும் பெரும்பாலும் விமானத்திலிருந்து, நிலத்தைப் பார்வையிட்டிருந்தனர். ஒரு போகமேனும் சிறு அளவிற் பயிரிட்டுச் சோதித்தாரில்லை.

யுத்தத்தில் மிஞ்சிய டிராக்டர்கள் கொணரப்பட்டன, டாங்கிகளும் மாற்றியமைக்கப்பட்டன. ஆனைப்புளிய மரங்களிலும் பின்னிய வேர்களிலும் மோதி அவை விரைவிற் பழுதுற்றன. உதிரிச் சாமான்களும் தேர்ந்த ஆட்களும் போதவில்லை.

இயந்திரக் குறை நீங்கத்தக்கதே. மண்ணின் குணமோ அத்தகையதன்று. முதலில் தெரிந்தெடுத்த கொங்வாப் பிரதேசத்து மண் களிப்புள்ளது. மழை நின்றதும் செங்கல்போல் இறுகும். அதிலுள்ள கூரிய மணல் கலப்பைக் கொழுவைத் தேய்த்துவிடும். நிலக்கடலையோ மண்ணுக்குள் காய்ப்பது. ஈரமற்ற நிலத்திற் செடியைப் பிடுங்கினால் காம்பறுந்து காய் மண்ணிலேயே தங்கிவிடுமென்பதை நம் குடியானவர் எவரும் அறிவர். மழையும் அங்கு நிச்சயமற்றது. வாகோகோ என்னும் அவ்விடத்துக் குடிகள், பயிர் பொய்க்கும் வருஷங்களுக்கு ஆதரவாகக் கால்நடைகளையும் வளர்த்து வந்தனர். இலண்டனில் வகுத்த கணக்கில் அவ்வருஷங்களுக்கு இடமிருக்கவில்லை.

1951 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. நஷ்டம் 3½ கோடி பவுனுக்கு மேல்.