ஆய்வுகூடத்தில் அவதானம்: மறைக்காமல் சொல்லப் பழக்குவோம்



செப்டெம்பரில் பாடசாலை தொடங்கியதும் பிள்ளைகள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மேலே ஆய்வுகூட விதிகள் என்று இருக்கும். கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு இருக்கும். வேலைக்குப் போகும் அவசரத்தில் வாசியாமலே கையெழுத்து வைத்துவிடுகிறோம். நான் தொழிலால் கணக்காளன். வாசியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள் என்று பிறருக்குச் சொல்லுகிறவன். என் மகளின் தாளில் நானும் அப்படித்தான் வைத்தேன். ஆகவே அந்தத் தாளில் உள்ள முக்கியமான விடயங்களை, காரணங்களோடு, இம்முறை சேர்ந்து படிப்போம்.

ஊரில் நடந்த ஒன்று

1990களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்தேன். பாதுகாப்புக் கண்ணாடியை நாங்கள் கண்டதே இல்லை. குழாயியில் கரைசலை வாயால்தான் உறிஞ்சி எடுப்போம். ஒரு நாள் நியமிப்புச் செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற நண்பனின் கண்ணில் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் தெறித்தது. கையில் இருந்த குழாயியும் விழுந்து உடைந்தது. உடைத்தால் காசு கட்ட வேண்டும், ஏச்சும் விழும். அவன் சேட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசாமல் நின்றான். நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி மறைத்தேன். பாடம் முடிந்த பிறகுதான் கிணற்றடிக்குப் போனோம். அந்தக் கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. அன்று நான் வாய் திறந்து ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைப்பதுண்டு.

ஏன் உடனே கழுவ வேண்டும்?

அமிலம்தான் ஆபத்து, காரம் சவர்க்காரம் போன்றது என்று பலர் எண்ணுகிறார்கள். கண்ணைப் பொறுத்தவரை காரமே பெரும்பாலும் கூடிய கேடு செய்யும். அமிலம் பட்ட இடத்தில் புரதம் திரைந்து, அமிலம் உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரமோ கொழுப்பையும் புரதத்தையும் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருக்கும். முதலில் பெரிய வலி இல்லாமலும் இருக்கலாம். ஆகவே கண்ணில் எது பட்டாலும் உடனே ஆசிரியரைக் கூப்பிட்டு, இமைகளை விரித்துப் பிடித்து, மெல்ல ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் மற்றக் கண்ணுக்குள் போகாதபடி தலையைச் சரிக்க வேண்டும். பிறகு மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பொருளின் பெயரை எழுதிக் கொண்டுபோக வேண்டும்.

2016இல் இந்த நாட்டில் நடந்தது

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய பிரேடி என்ற இரசாயனவியலாளரின் பெயரால் வழங்கும் சோதனைக் கரைசல் ஒன்று உண்டு. ஏ லெவல் மாணவர்கள் அல்டிகைட்டு, கீற்றோன் வகைகளை இனங்காண அதைப் பயன்படுத்துவார்கள். அதைத் தயாரிக்க உதவும் செம்மஞ்சள் தூளைச் சுருக்கமாக 2,4-டிஎன்பிஎச் என்பார்கள். ஈரமாக இருக்கும்வரை அதைப் பாதுகாப்பாக வைத்திருக்கலாம். ஆண்டுக்கணக்கில் அலுமாரியில் கிடந்து காய்ந்துவிட்டால், உராய்வாலோ அதிர்ச்சியாலோ வெடிக்கக்கூடும். போத்தல் மூடியைத் திருகுவதே ஆபத்தாகிவிடும்.

1963இல் தொடங்கி, பாடசாலைகளுக்கு விஞ்ஞானப் பாதுகாப்பு ஆலோசனை வழங்கிவரும் கிளீப்ஸ் என்ற அமைப்பு, 2016 இலையுதிர் காலத்தில் இந்தத் தூளைப் பற்றிப் பாடசாலைகளை எச்சரித்தது. அலுமாரியைத் திறந்து பார்த்தவர்கள் தயங்காமல் அறிவித்தார்கள். இராணுவத்தின் குண்டு செயலிழக்கும் பிரிவினர் பல நூறு தடவை அழைக்கப்பட்டு, பல இடங்களில் பாடசாலை மைதானத்திலேயே அந்தப் போத்தல்களைப் பாதுகாப்பாக வெடிக்கவைத்தார்கள்.

கணக்கு வேலையில் இதை இருப்பெடுப்பு என்போம். புத்தகத்தில் ஒரு போத்தல் இருக்கிறது என்று எழுதியிருந்தால் போதாது. அது என்ன நிலையில் இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தவர், "எங்களுடையது காய்ந்துவிட்டது" என்று சொல்லவும் வேண்டும். ஏன் காயவிட்டாய் என்று கேட்பார்களே என அஞ்சிப் போத்தலைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் நண்பனும் நானும் செய்தது அதைத்தான்.

விதிகளும் காரணங்களும்

1. பாதுகாப்புக் கண்ணாடியை எல்லோரும் வேலை முடிக்கும்வரை கழற்றக் கூடாது. உன் வேலை முடிந்தாலும் பக்கத்தில் நிற்பவரின் கரைசல் தெறிக்கலாம். மூக்குக்கண்ணாடி இதற்கு ஈடாகாது.

2. பன்சன் சுடரடுப்பைப் பயன்படுத்தாத வேளையில் காற்றுத் துளையை மூடி மஞ்சள் சுடரில் விட வேண்டும். நீலச் சுடர் சூடு கூடியது, வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமலும் போகும்.

3. பின்னலைக் கட்டி, கழுத்துப்பட்டியை உள்ளே செருக வேண்டும். கோயிலில் கட்டிய காப்புநூலும் தீப்பிடிக்கும். அதைக் கழற்ற விருப்பமில்லாவிட்டால் பாதுகாப்பாக மூடிக்கொள்ள ஆசிரியரிடம் வழி கேட்கலாம்.

4. செறிந்த அமிலத்தை ஐதாக்கும்போது தண்ணீருக்குள் அமிலத்தையே சிறிது சிறிதாக விட வேண்டும். மாறிச் செய்தால் வெப்பத்தால் கொதித்துத் தெறிக்கும்.

5. ஜிசிஎஸ்இ வகுப்பில் செப்பு சல்பேற்றுப் பளிங்கு செய்யும்போது கரைசலை முற்றாக வற்றவிடக் கூடாது. சூடான துளிகள் வெளியே பாயும். பாதியில் நிறுத்தி, ஆறவிட்டால் பளிங்கும் நன்றாக வரும்.

6. குழாயியை வாயால் உறிஞ்சவே கூடாது. அதற்கென்று நிரப்பி இருக்கிறது. ஆய்வுகூடத்துக்குள் உண்பதும் குடிப்பதும் இல்லை.

7. சுட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். நம்மவர் கைவைத்தியமான பற்பசை, வெண்ணெய், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். காயம் கடுமையானால் 999.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

1974ஆம் ஆண்டின் வேலைத்தளச் சுகாதார, பாதுகாப்புச் சட்டப்படி மாணவரின் பாதுகாப்பில் பாடசாலையை நடத்துவோருக்குப் பொறுப்பு உண்டு. ஒவ்வொரு செய்முறைக்கும் முன்பே ஆபத்தை மதிப்பிட்டிருக்க வேண்டும். ஆசிரியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் வளர்ந்தோம். இங்கே பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பணிவாகக் கேட்கலாம், அவர்கள் விளக்கம் தருவார்கள்.

ஆனால் எந்த விதியும் எந்தச் சட்டமும், பயத்தில் வாய் மூடி நிற்கும் பிள்ளைக்கு உதவாது. அந்தப் பயம் பெரும்பாலும் வீட்டில்தான் தொடங்குகிறது. "இன்றைக்கு ஒரு குடுவையை உடைத்துவிட்டேன்" என்று பிள்ளை சொன்னால், "எவ்வளவு காசு?" என்று கேட்க வேண்டாம். "யாருக்கும் காயமா? ஆசிரியரிடம் சொன்னாயா?" என்று கேளுங்கள்.

வீட்டுப் பயிற்சி

இன்றிரவு சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்:

அ. உன் ஆய்வுகூடத்தில் கண் கழுவும் இடம் எங்கே இருக்கிறது?

ஆ. காற்று வாயுவை நிறுத்தும் பிரதான திருகி எங்கே என்று ஆசிரியர் காட்டினாரா?

இ. கண்ணில் காரம் தெறித்தால் எத்தனை நிமிடம் கழுவ வேண்டும்?

ஈ. பக்கத்தில் நிற்கும் நண்பன் "சொல்லாதே" என்றால் நீ என்ன செய்வாய்?

முதல் மூன்றுக்கும் விடை தெரியாவிட்டால் நாளை ஆசிரியரிடம் கேட்டு வரட்டும். நான்காவது கேள்விக்கு விடையை நீங்களே பிள்ளையோடு பேசிச் சொல்லிக்கொடுங்கள்.