சாரத்தில் ஏறும்போது மனம் எங்கே?

கட்டட வேலைக்குப் போகும் தம்பதியரே!

தலையில் சும்மாடு. அதன்மேல் கலவைச் சட்டி. காலுக்குக் கீழே ஆடும் சாரப்பலகை. சித்தாள் வேலை செய்யும் பெண்ணின் கண் அப்போது பலகையில்தான் இருக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து ஒருவர், "என்ன, நடை ஜோரா இருக்கே!" என்று கேலி பேசுகிறார். இன்னொருவர் சட்டியை வாங்குகிற சாக்கில் கையைத் தொடுகிறார். அவள் பதறித் திரும்புகிறாள். முந்தானையைச் சரிசெய்யக் கையை எடுக்கிறாள். கால் தவற அவ்வளவு போதும். சட்டி விழுந்தால் கீழே நிற்பவருக்கும் ஆபத்து.

ஆகவே "சும்மா தமாஷ்தானே" என்று விட்டுவிடக்கூடாது. அறுந்த கயிறு, உளுத்த பலகை போல இதுவும் விபத்துக்குக் காரணம். செல்போனில் பேசிக்கொண்டே சாரம் ஏறுவதும் அப்படித்தான்.

மனைவி ஏன் வீட்டில் சொல்வதில்லை? "சொன்னா வேலைக்கே போகவேண்டாம்பாரு. இல்லேன்னா மேஸ்திரியோட சண்டைக்குப் போவாரு. கூலி போயிடும்" என்ற பயம்தான். அந்தப் பயத்தோடுதான் மறுநாளும் சாரம் ஏறுகிறாள்.

கணவன்மார்களே! "நீ என்ன பண்ணினே?" என்று கேட்காதீர்கள். "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று பொறுமையாகக் கேளுங்கள். தப்பு அவள் மேல் இல்லை. நீங்களும் வேலையிடத்தில் சித்தாளிடம் வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

செய்யவேண்டியவை:

1. தொந்தரவு நடந்தால் முதலில் சட்டியை இறக்கிவையுங்கள். சாரத்தைவிட்டு இறங்கிய பிறகு பேசுங்கள்.

2. கூட வேலை செய்யும் பெண்களிடம் சொல்லுங்கள். தேதி, இடம், நடந்தது எல்லாவற்றையும் குறித்துவையுங்கள்.

3. பணியிடப் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தினக்கூலிப் பெண்களுக்கும் பொருந்தும். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானாலும், முதலாளி மேலேயே புகாரானாலும், மாவட்டத்தின் உள்ளூர் புகார்க் குழுவிடம் கொடுக்கலாம். 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். எழுத முடியாதவருக்குக் குழுவே உதவவேண்டும்.

4. அவசர உதவிக்கு மகளிர் உதவி எண் 181. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் இருவரும் இதைப் பற்றிப் பேசுங்கள். கூலி வேண்டும்தான், கை கால் சுகமாக இருவரும் வீடு திரும்பவும் வேண்டும்.