வரும், ஆனால் வராது: ஒரு பிழையைத் துரத்திய கதை

பட்டுச் சேலை நெய்யும் தறியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களுக்குச் சென்றால் இன்றும் பார்க்கலாம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. மூன்றையும் ஒருவரே கையாள்வது கடினம். ஆகவே நெசவாளருக்குப் பக்கத்தில் ஒரு துணையாள் அமர்ந்து, ஒரு பக்கத்துக் கரை நாடாவை வீசுவார். உடல் இழையும் கரை இழையும் ஒவ்வொரு வீச்சிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். தவறினால் அந்த இடத்தில் உடலும் கரையும் பிரிந்து நிற்கும்.

தன் நாடாவை எப்போது வீசவேண்டும் என்பதைத் துணையாள் எப்படி அறிகிறார்? மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டா? இல்லை. உடல் நாடா வந்து சேர்ந்ததைக் கண்ட பிறகே தம்முடையதை விடுகிறார். எண்ணி வீசினாலும் பெரும்பாலும் சரியாகவே வரும் என்பதுதான் இதில் வேடிக்கை. பெரியவர் என்றோ ஒரு நாள் இருமினால் மட்டுமே தவறும்!

கணிப்பொறி நிரல்களிலும் இத்தகைய பிழைகள் உண்டு. என்னிடம் இயற்பியல் படித்த மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் கட்டற்ற மென்பொருள் ஒன்றில் வேலை செய்துவந்தான். கட்டற்ற மென்பொருள் என்றால், அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருப்பதால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. அவன் எடுத்துக்கொண்டது இரு கணிப்பொறிகளுக்கிடையே செய்தி அனுப்பும் நிரல். இப்படிப்பட்ட நிரல்களுடன் நூற்றுக்கணக்கான சோதனைகளும் எழுதி வைத்திருப்பார்கள். யார் எதைத் திருத்தினாலும் அவை தாமாக ஓடி, எல்லாம் சரியானால் பச்சையும் ஒன்று தவறினாலும் சிவப்பும் காட்டும்.

ஒரு நாள் வந்து கேட்டான்: "சார், இந்த ஒரு சோதனை மட்டும் ஐம்பது தடவை ஓட்டினால் ஒரு தடவை தோற்கிறது. மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறது. எல்லாரும் அப்படித்தான் மறுபடி ஓட்டிவிட்டுப் போகிறார்கள். நானும் விட்டுவிடவா?"

"ஊசல் பரிசோதனையில் ஓர் அளவீடு ஒத்துவராவிட்டால் அதை அடித்துவிடுவாயா?" என்றேன்.

"எல்லாரும் அடித்துத்தான் சார் எழுதுகிறோம்" என்றான். உண்மையைச் சொன்னான். அதை நான் அவனது மதிப்பெண்ணில் சேர்க்கவில்லை.

ஐம்பதில் ஒன்று அற்பமாகத் தோன்றும். ஆனால் ஆயிரம் சோதனைகள் உள்ள ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஆயிரம் தடவைக்கு ஒரு தடவை மட்டுமே காரணமின்றித் தோற்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒருசேரப் பச்சையாகும் நிகழ்தகவு 0.999ஐ ஆயிரம் முறை தன்னோடு பெருக்கினால் கிடைக்கும். விடை சுமார் 0.37. அதாவது நூற்றில் 63 தடவை வீணாகச் சிவப்பு! பிறகு மெய்யான சிவப்பையும் யார் மதிப்பார்கள்?

இவ்வகைத் தோல்விகளை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அப்பாச்சி நிறுவனத்தின் கட்டற்ற மென்பொருள்களில் செய்யப்பட்ட 201 திருத்தங்களை அலசியதில், காரணம் தெரிந்தவற்றுள் ஏறத்தாழ 45 சதவீதத்துக்குக் காரணம் ஒன்றே: ஒரு வேலை முடியும்வரை காத்திராமல் அடுத்ததைத் தொடங்கியது. எண்ணிக்கொண்டே வீசும் துணையாள்!

நம் மாணவனின் பிழையும் இந்த இனமே. அனுப்பும் நிரல் முதலில் ஒரு சிறு தலைப்பை அனுப்பும். பின்னால் வரும் செய்தி எத்தனை பைட் நீளம் என்பது அதில் இருக்கும். அடுத்து, செய்தியைத் தனியாக அனுப்பும். பெறும் நிரலோ ஒரே ஒரு முறை படித்துவிட்டு, முழுவதும் வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும்.

இணையத்தில் செய்திகளைக் கொண்டுசெல்லும் டி.சி.பி. என்னும் முறை, பைட்டுகள் வரிசை மாறாமல் போய்ச் சேரும் என்று உறுதி கூறுகிறது. எத்தனை தவணையாகச் சேரும் என்று அது கூறுவதே இல்லை. தண்ணீர்க் குழாயில் இரண்டு குடம் நீரை ஊற்றினால், மறுமுனையில் எது முதற்குடம், எது இரண்டாவது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? அதுபோலத்தான்.

அப்படியானால் 49 தடவை எப்படிச் சரியாக வந்தது? சோதனையில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே கணிப்பொறிக்குள் நடக்கின்றன. பெறும் நிரல் கண்விழிப்பதற்குள் தலைப்பு, செய்தி இரண்டுமே வந்து காத்திருக்கும். எப்போதாவது அது சற்று முன்னதாக விழித்துவிட்டால் தலைப்பு மட்டும் கையில் கிடைக்கும். உடனே சிவப்பு. கணிப்பொறிக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். லினக்ஸில் கணிப்பொறிக்குள்ளேயே சுற்றிவரும் பாதையில் ஒரு பொட்டலம் 65,536 பைட் வரை இருக்கலாம். வெளியே செல்லும் ஈதர்நெட் பாதையில் வழக்கமான எல்லை 1,500 பைட்தான். 4,000 பைட் செய்தி அங்கே மூன்று பொட்டலங்களாக உடையும். ஆக, குறை சோதனையில் இல்லை, நிரலிலேயே இருந்தது. அதை நம்பி யாராவது ஒரு கோப்பை அனுப்பினால் பாதிக் கோப்பு போய்ச் சேர்ந்து, முழுதாக வந்ததாகவே கணக்கில் ஏறும். மாதக்கணக்கில் இதைத்தான் அந்தச் சோதனை ஐம்பதுக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டிருந்தது.

அவன் முதலில் கொண்டுவந்த திருத்தம் என்ன தெரியுமா? படிப்பதற்கு முன் பத்தில் ஒரு விநாடி சும்மா இருக்கும்படி சோதனையில் ஒரு வரி. உடனே எல்லாம் பச்சை! எனக்கு அது பிடிக்கவில்லை. வேலை மிகுந்த கணிப்பொறியில் பத்தில் ஒரு விநாடியும் போதாமல் போகலாம். அதைவிட, நிரலின் நோய் அப்படியே இருக்க, வெப்பமானியை அல்லவா தண்ணீரில் நனைக்கிறோம்!

"ஓய்வை வேறோர் இடத்தில் வைத்துப் பார்" என்றேன். அனுப்பும் பக்கத்தில், தலைப்புக்கும் செய்திக்கும் நடுவே வைத்தான். இப்போது ஐம்பதுக்கு ஐம்பதும் தோல்வி. அவன் முகம் வாடியது, எனக்கோ மகிழ்ச்சி. எப்போதாவது தலைகாட்டும் பிழையை ஆராய்வது கடினம். கூப்பிட்ட போதெல்லாம் வருகிற பிழையைப் பிடித்துவிடலாம். பிறகு நிரலைத் திருத்தினான்: தலைப்பு முழுதாக வரும்வரை படி, அதிலுள்ள நீளத்தைப் பார், அத்தனை பைட்டும் சேரும்வரை திரும்பத் திரும்பப் படி. கடிகாரத்துக்கு அதில் வேலையே இல்லை. நடுவில் ஓய்வு வைத்த சோதனையை ஐம்பது முறை ஓட்டினான், ஐம்பதும் பச்சை. அந்தச் சோதனையை நிலையாகவே சேர்த்துவிட்டான்.

பழைய சோதனையையும் பத்து முறை ஓட்டிவிட்டு, "பத்தும் பச்சை, சார்!" என்றான். கணக்குப் போடச் சொன்னேன். பிழை திருந்தவே இல்லை என்று கொள்வோம். ஒரு தடவை தப்பும் நிகழ்தகவு 0.98. பத்து தடவையும் தப்பும் நிகழ்தகவு 0.98இன் பத்தாம் அடுக்கு, அதாவது சுமார் 0.82. திருத்தாமலே நூற்றுக்கு 82 வாய்ப்பு! இதை 0.05க்குக் கீழே கொண்டுவர 149 தடவையும், 0.01க்குக் கீழே கொண்டுவர 228 தடவையும் ஓட்டவேண்டும். அவன் இரவு முழுக்க 300 தடவை ஓட்டவிட்டு, அந்த எண்ணிக்கையையும் குறிப்பில் எழுதித் திருத்தத்தை அனுப்பினான்.

கணிப்பொறி இல்லாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு லூடோ பகடைகளைச் சேர்த்து உருட்டுங்கள். இரண்டிலும் ஆறு விழுவதுதான் 'பிழை'; அதன் நிகழ்தகவு 36இல் ஒன்று. முதல் இரட்டை ஆறு எத்தனையாவது உருட்டலில் விழுகிறது என்று குறியுங்கள். இவ்வாறு இருபது தடவை செய்து, அவற்றுள் எத்தனையில் 24 உருட்டல் தாண்டியும் இரட்டை ஆறு வரவில்லை என்று எண்ணுங்கள். ஏறத்தாழப் பாதி அப்படி இருக்கவேண்டும். ஒத்துவராத வரிசை ஏதும் கிடைத்தால், அதை அடித்துவிடாமல் எழுதி வையுங்கள்.