வாலில்லா விமானமும் ஈர்ப்பு மையமும்

நெசவுக்குப் பேர்பெற்ற நம் குமாரபாளையத்தில் நூல் நிறுக்கும் தராசை அறியாதார் இலர். பிடிக்குமிடம் பிசகின் கோல் சாயும். எவ்விடத்தில் தாங்கினால் ஒரு பொருள் சாயாது நிற்குமோ, அங்கே உள்ளது அதன் ஈர்ப்பு மையம். விமானத்திற்கு அதுவே உயிர்நிலை. சிறு பிசகை வால் ஒருவாறு தாங்கும். இறக்கையே உடலாய் அமைந்த விமானத்திற்கு அத்துணையும் இல்லை. 2022 ஜூலை 1 அன்று கர்நாடகத்துச் சித்திரதுர்க்கத்தில் நம் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையினர் பறக்கவிட்ட ஆளில்லா விமானம் இவ்வகையினதே.

இத்தகைய மாதிரியொன்றைச் செய்வோமாயின் கணக்கு யாது? இறக்கையின் அகலம் நடுவில் 18 செ.மீ., நுனியில் 9. ஒருபுற நீளம் 45. நுனியின் முன்விளிம்பு மூக்கினின்றும் 18 செ.மீ. பின்தங்கியது எனக் கொள்வோம். அகலங்களின் கூட்டுத்தொகை 27, பெருக்குத்தொகை 162. 162-ஐ 27-ஆல் வகுக்க 6. அதை 27-இல் கழிக்க 21. அதில் மூன்றிலிரு பங்காகிய 14 செ.மீ. சராசரி அகலமாம். அவ்வகலம் நடுவினின்றும் 20 செ.மீ. தள்ளி அமையும், அங்கே முன்விளிம்பு மூக்கிற்கு 8 செ.மீ. பின்னுளது. அதனுடன் 14-இன் காற்பங்கு 3.5 சேர்க்க 11.5.

காற்று மூக்கை உயர்த்துங்கால் மிகும் தூக்குவிசை இக்கோட்டிலேயே செயற்படும். ஆதலின் ஈர்ப்பு மையம் அதற்கு 1 செ.மீ. முன்னே, 10.5-இல் இருத்தல் வேண்டும். அப்பொழுது மூக்குத் தானே தாழும். பின்னே இருப்பின் மேன்மேலும் உயர்ந்து விமானம் கவிழும். மூக்குப் பாரத்தை ஈடுசெய்யப் பின்விளிம்பைச் சிறிது மேல்நோக்கி வளைத்தலும் வேண்டும்.

10.5 செ.மீ. கோட்டில் இருபுறமும் விரலால் தாங்கிப் பார்ப்போம். பின்சாயின் மூக்கில் ஈயத்துண்டு சேர்ப்போம். பறக்கவிடுமுன் செய்யும் இச்சிறு சோதனையே பல நாள் உழைப்பைக் காக்கும்.